ஈரத்துணியும் பச்சைப்பயறும்

1968 ஆகஸ்ட் 12, திங்கள்

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன்? இந்த நோட்டிடமா? பகலில் பேனாவைத் தொட்டால், "இன்னாம்மா, கலெக்டருக்கு மனு எழுதறியா?" என்று கேட்க ஒருத்தி இருக்கிறாள். அவள் படுத்த பிறகுதான் எனக்கு எழுத்து வருகிறது.

ஒருத்தி என்றால் ஜ்வாலாமாலினி. என் கணவருடைய அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி. மாமியார் இல்லாத வீடு என்று சொல்லித்தான் என்னை இந்தக் காஞ்சிபுரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாமியார் இல்லைதான். சாவிக்கொத்து இருக்கிறது, அது இவள் இடுப்பில் இருக்கிறது. இவளுக்குக் குழந்தை இல்லை. அதனால் என் மதியைத் தன் பிள்ளை மாதிரி பார்க்கிறாள் என்று ஊர் சொல்கிறது. மாதிரி எல்லாம் இல்லை. தன் பிள்ளை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். அனந்தமதி என்ற பெயரே அவள் வைத்தது. என்னைக் கேட்டாளா?

இன்று கொல்லையில் ஒரு பழைய அன்னக்கூடையில் பாலாற்று மணல் கொட்டி மதியை உட்காரவைத்தேன். ஒரு டம்ளரில் காய்ந்த மணல், ஒன்றில் ஈர மணல். கவிழ்த்துப் பார்க்கச் சொன்னேன். காய்ந்தது சரிந்தது, ஈரமானது நின்றது. திரும்பத் திரும்பக் கவிழ்த்தாள். "ஏம்மா இது மட்டும் நிக்குது?" இந்த ஒரு கேள்விக்காகத்தான் இத்தனையும். நான் பதில் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பார் என்றேன்.

அப்போது வந்தாள். இடுப்பில் கை.

"மெட்ராஸ்ல மூணு வருசம் படிச்சியே, சேத்துல கைய வுடறதுக்குத்தான் பட்டம் குடுத்தாங்களா?"

மனையியல் பட்டத்தில் குழந்தை வளர்ப்பும் ஒரு பாடம் அக்கா என்றேன். அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். வாய் கூப்பிடுகிறது.

"பாடமா? அப்ப நம்ம வீட்டு எருமை எம்.ஏ." என்று சொல்லிவிட்டு மதியைத் தூக்கிக்கொண்டு போய்க் கையைக் கழுவிவிட்டாள். மதி சிரித்தாள். அவள் சொன்னதற்குச் சிரித்தாள்.

ஆகஸ்ட் 14

பைக்குள் கையை விட்டுப் பார்க்காமல் கண்டுபிடிக்கும் விளையாட்டு. கொட்டைப்பாக்கு, பஞ்சு, புளியங்கொட்டை, பக்கத்து வீட்டுத் தறியில் வெட்டிப்போட்ட பட்டுத் துண்டு. எல்லாம் சரியாகச் சொன்னாள். பட்டுத் துண்டை மட்டும் "பெரிம்மா கன்னம்" என்றாள். பையை மூடி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

முடிவு செய்துவிட்டார்கள். நான் இல்லாதபோது, எனக்குத் தெரியாமல், என் பெண்ணைப் பற்றி.

விஜயதசமியன்று மதியைத் தெருமுனையில் இருக்கும் மயில்வாகனம் வாத்தியார் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறார்கள். நாலு வயது! அங்கே நாற்பது குழந்தைகள் சம்மணம் போட்டு, கையைக் கட்டி, அ-னா ஆ-வன்னா கத்துகின்றன. சிலேட்டை விட்டுக் கண்ணை எடுத்தால் காதைத் திருகுவார். நான் கடைத்தெருவுக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன்.

ஐந்து வயது வரை விடுங்கள், கை பழகட்டும், கண் பழகட்டும், கேள்வி கேட்கட்டும், பிறகு எழுத்தைத் தானே பிடித்துக்கொள்வாள் என்று இவரிடம் சொன்னேன். இவர் தாலுகா ஆபீஸில் ஃபைலைப் புரட்டுகிற மாதிரி என் முகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"அண்ணி சொல்றாங்க. அண்ணனும் சரின்னுட்டார். நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன், ரத்னா."

அனுசரி. அனுசரி. இந்த வீட்டில் நான் மட்டும்தான் ரப்பரா?

விடமாட்டேன். விஜயதசமிக்குள் இந்தப் பெண் என்னவெல்லாம் தெரிந்துகொண்டாள் என்று காட்டி வாயடைக்கிறேன். என் பெண்ணை வளர்ப்பது நானா அவளா என்று தெரியட்டும்.

ஆகஸ்ட் 25

பச்சைப்பயறு ஊறவைத்தோம். ஊறினதையும் ஊறாததையும் பக்கத்தில் வைத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள். "இது குண்டாயிடுச்சும்மா!" ஈரத்துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்தோம். விதைக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக் கேட்டுச் சொல்லவைத்தேன். இருட்டா இருக்கணும், ஈரமா இருக்கணும், சும்மா சும்மா தொடக்கூடாது. பாட்டு மாதிரி வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

கோபம் இன்னும் ஆறவில்லை.

முளை வந்துவிட்டது. வெள்ளையாக, வளைந்து, மூக்கு மாதிரி. ஒன்றைப் பிரித்து உள்ளே மடங்கிக் கிடக்கும் இரண்டு இலைகளை மதிக்குக் காட்டினேன். அவளும் ஒன்றைப் பிரித்தாள். மூச்சே விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இத்தனை நாள் பட்டதெல்லாம் அந்த ஒரு முகத்தில் மறந்துபோனது.

பின்னால் நின்றிருக்கிறாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"பிச்சுட்டியா? முளை வந்ததைப் பிச்சுட்டியா?"

"பயறுதானே அக்கா."

"பயறா? வேர் வுட்டப்புறம் அது பயறா? நீயும் நயினார் வூட்டுப் பொண்ணுதானே? தண்ணியை வடிகட்டிக் குடிக்கறோம், வடிகட்டின துணியைக் கிணத்துலயே அலசி வுடறோம், துணியில ஒட்டினது உசுரோட போவணும்னு. பொழுது சாஞ்சா சோத்துல கை வெக்கறதில்ல. நீ என்னாடான்னா நாலு வயசுக் கொழந்தைக்கு உசுரைப் பிச்சுப் பாக்கச் சொல்லித் தர்றே!"

என் அம்மா வீடும் சமண வீடுதான், அங்கேயும் தண்ணீரை வடிகட்டித்தான் குடித்தோம். முளைகட்டியதைச் சமைக்கமாட்டோம். அதெல்லாம் எனக்குத் தெரியாதா? ஆனால் இது சமையல் இல்லையே, பாடம். எப்படிச் சொல்வது? சொன்னால் கேட்கிற காதா அது?

துணியோடு வாரிக்கொண்டு போனாள். தூக்கி எறியவில்லை, அதுதான் வேடிக்கை. கொல்லையில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு முளையாக மண்ணில் குழி பறித்து நட்டாள். வாயில் ஏதோ முணுமுணுப்பு. மதி பக்கத்தில் அழுதுகொண்டு நின்றாள். "என் பயறு, என் பயறு" என்று.

"உன்னுதில்லடி கண்ணு. அது அதனுது" என்றாள்.

என்ன பேச்சு பேசறா பாரு! குழந்தைகிட்ட வேதாந்தம்!

இனி இந்த வீட்டில் ஒரு விதை ஈரத்துணியில் தென்பட்டால் எடுத்து நட்டுவிடுவாளாம். மதியிடமும் அதையே சொல்லிவைத்திருக்கிறாள்.

செப்டம்பர் 2

விதை கூடாது என்றால் எறும்பு. கொல்லைச் சுவரோரம் ஒரு வெல்லத்துண்டு வைத்துவிட்டு, தள்ளி உட்கார்ந்து, முதல் எறும்பு மற்றவற்றை எப்படிக் கூட்டிவருகிறது என்று பார்த்தோம். ஒன்றையும் தொடவில்லை. அவள் வந்து நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

செப்டம்பர் 4, புதன்

மதிக்குக் காது வலி.

காலையிலிருந்தே இடது காதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாலையில் அழுகை. அவ்வளவுதான், ஓரகத்திக்குச் சாக்குக் கிடைத்தது. "எறும்பு! எறும்பு பூந்துடுச்சு! எறும்பைக் கூட்டி வெச்சுப் பாடம் நடத்தினாளே!"

எனக்கும் சட்டென்று அப்படித்தான் தோன்றியது. அதுதான் கேவலம்.

பிறகு நடந்தது வெளியே சொன்னால் சிரிப்பார்கள். எறும்பைக் கொல்லக்கூடாது. ஆகவே முதலில் அறையை இருட்டாக்கி, காதருகே விளக்கைக் காட்டினார்கள், வெளிச்சத்துக்கு எறும்பு தானாக வரட்டும் என்று. விளக்கைப் பிடித்தவர் என் கணவர். அவருடைய அண்ணன், நெல் வியாபாரி பாகுபலி, வாலாஜாபாத் மில்லில் பேரம் பேசுகிற மனுஷர், "வா, வா, வெளிய வாம்மா" என்று எறும்பைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எறும்பு வரவில்லை. அடுத்து வெதுவெதுப்பான தண்ணீர். உப்புப் போட்டால் எறும்பு செத்துவிடுமாம், அதனால் வெறும் தண்ணீர், அதுவும் வடிகட்டி. எறும்பு உயிரோடு மிதந்து வரவேண்டுமாம்.

"தண்ணி வேணாம் அக்கா. உள்ள இருக்கறது என்னன்னு தெரியாம ஊத்தாதீங்க" என்றேன். மூன்று பேரிடமும் தனித்தனியாகச் சொன்னேன்.

"நீ பேசாதே. நீ காட்டின எறும்பு" என்றாள்.

ஊற்றினாள். ஒன்றும் மிதந்து வரவில்லை. மதி மட்டும் அலறினாள்.

செப்டம்பர் 5

காலையில் மதி துடித்துப்போனாள். இடது பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை. வெயிலில் உட்காரவைத்துக் காதை மேலே இழுத்துப் பார்த்தேன். உள்ளே பச்சையாக ஏதோ பளபளத்தது.

பயறு.

தண்ணீர் பட்ட பயறு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? அதைத்தானே என் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தேன்? காதுக்குள் ஊறிப் பருத்துக்கொண்டிருக்கிறது. செவிடாகிவிடுமோ? சவ்வு கிழிந்துவிடுமோ? என் பெண் — ஐயோ —

சமையலறைக்குள் போய்க் கத்தினேன். என்னென்ன சொன்னேனோ. ஒன்று மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. "பெத்திருந்தாத் தெரியும் உங்களுக்கு!"

அவள் கையில் கரண்டி இருந்தது. அதை வைத்தாள். அடுப்பைத் தணித்தாள். உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்து, "ரிக்சாவக் கூப்புடு" என்றாள், என்னைப் பார்க்காமல்.

ஆஸ்பத்திரியில் காது டாக்டர் நாளைக்குத்தான் வருவாராம், திரும்பி வந்துவிட்டோம். நடு இரவாகிவிட்டது, மதி தூங்காமல் என் மடியில். அறைக் கதவுக்கு வெளியே அவள் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

எடுத்துவிட்டார்கள். காது கேட்கிறது. முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

டாக்டர் ஏதோ ஸ்பிரிட்டைச் சொட்டாக விட்டார். விதை கொஞ்சம் சுருங்குமாம். பிறகு வளைந்த கம்பியால் மெதுவாக எடுத்து ஒரு தட்டில் போட்டார். "யார் தண்ணி ஊத்தினது? பூச்சின்னா சரி. விதைக்கா ஊத்துவாங்க? பயறுன்னா வேக வெச்சு வாயில போடறதும்மா. காதுல ஊற வெக்கறதில்ல" என்றார். நர்சுகள் சிரித்தார்கள். சவ்வு புண்ணாகியிருக்கிறது, கிழியவில்லை. காதில் தண்ணீர் படக்கூடாது, அவ்வளவுதான்.

இவர்தான் கேட்டார், "ஏன்டா செல்லம், காதுல போய் வெச்சே?"

மதி தட்டில் கிடந்த பயற்றையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "இருட்டா இருக்கணும்ல. ஈரமா இருக்கணும்ல. துணியில வெச்சாப் பெரிம்மா எடுத்துருவாங்க. இங்க வெச்சா யாரும் எடுக்கமாட்டாங்க." பிறகு டாக்டரைக் கேட்டாள், "மூக்கு வந்துதா?"

அவளுக்கு முளை என்ற சொல் இன்னும் வரவில்லை.

நான் ஓரகத்தியைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். இருட்டும் ஈரமும் என் பாடம். எடுத்துவிடுவேன் என்பது அவள் பயமுறுத்தல். தண்ணீரும் அவள் ஊற்றியது. யார் மேல் எவ்வளவு என்று மனம் இப்போதும் பங்கு பிரித்துக்கொண்டிருக்கிறது. பிரிக்கட்டும்.

செப்டம்பர் 7

தீர்ப்பு வந்துவிட்டது. விஜயதசமி வரை காத்திருக்கவேண்டாம், திங்கட்கிழமையே பள்ளிக்கூடம் என்று இவர் சொல்லிவிட்டார். மணல் கூடை, பை, மதிக்காக நான் சேர்த்துவைத்திருந்த காந்தம், வாசனை டப்பாக்கள் எல்லாம் பரண்மேல். "போதும் உன் சயன்ஸ். ஒரு காதோட போச்சேன்னு சந்தோஷப்படு."

அவளிடமாவது ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேனா? அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஜெயித்தவள் ஏன் பேசவேண்டும்?

செப்டம்பர் 9

போனாள். அழவில்லை. கையைக் கட்டிக்கொண்டு போனாள்.

செப்டம்பர் 13

இப்போது இந்த வீட்டில் பேச்சு இப்படி நடக்கிறது: "மதி, உங்கம்மாகிட்ட மோர் இருக்குதுன்னு சொல்லு." நான் இரண்டடி தூரத்தில் நிற்கிறேன். "மதி, பெரியம்மாகிட்ட வேணாம்னு சொல்லு." மதிக்கு இது ஒரு விளையாட்டு. இரண்டு பக்கமும் ஓடி ஓடிச் சொல்கிறாள்.

இன்று சமையலறையில் ஓரகத்தி தனியாக அகப்பட்டாள். அக்கா, அன்றைக்கு நான் சொன்ன வார்த்தை என்று ஆரம்பித்தேன். மதி இல்லாததால் நேராகப் பேச வேண்டியதாயிற்று அவளுக்கு.

"சொல்லிட்டே இல்ல. நான் மறக்கப்போறதில்ல. நீயும் மறக்காதே. போயி வேலையப் பாரு."

என்ன மனுஷி இவ! மன்னிப்புக் கேட்க வந்தவளை நிற்கவாவது விட்டாளா?

மதி கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். இன்று மழை பெய்தது. ஓட்டிலிருந்து விழும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருந்தாள். கையை நீட்டிப் பிடித்துப் பார் என்றேன். "வாத்தியார் திட்டுவார்" என்றாள். வாத்தியார் இங்கே எங்கே இருக்கிறார்?

செப்டம்பர் 18, புதன்

எழுதியே ஆகவேண்டும். பக்கத்து வீட்டுத் தறிக்காரர் மனைவி செல்லியம்மாள் மதியம் ஓடிவந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவள் பள்ளிக்கூடத்து எதிரில் நூல் உலர்த்திக்கொண்டிருந்தாளாம்.

மதி சிலேட்டுப் பலப்பத்தை வாத்தியாருடைய மோர்ச் செம்பில் போட்டிருக்கிறாள். மிதக்குமா என்று பார்க்க! (கேட்டவுடன் எனக்கு என்ன வந்தது தெரியுமா? சந்தோஷம். என் பெண் இன்னும் உள்ளே இருக்கிறாள் என்ற சந்தோஷம். அதற்குப் பிறகுதான் பயம்.) வாத்தியார் இழுத்து நிறுத்திக் காதைத் திருகிவிட்டார். இடது காதை.

அந்த நேரம் பார்த்து என் ஓரகத்தி அந்தப் பக்கம் போயிருக்கிறாள். தற்செயலாக என்கிறாள் செல்லியம்மாள். தினமும் அந்த நேரத்துக்கு அந்த ஜன்னலோரம் போய் நின்றுவிட்டு வருகிறாள் என்றும் அவளேதான் சொன்னாள். எனக்குத் தெரியாது. நான் ஒரு நாளும் போனதில்லை, பார்க்கத் தைரியமில்லாமல்.

"யம்மா, உங்க ஓரகத்தி உள்ள பூந்தாங்க பாரு! 'அந்தக் காதுல கைய வெக்க நீ யார்யா? டாக்டரே பயந்து பயந்து தொட்ட காது அது!'ன்னாங்க. வாத்தியாரு எழுந்து நின்னுக்கினு, 'இல்லம்மா, மோர்ல பலப்பத்தப் போட்டுட்டா'ங்கறாரு. 'போட்டா இன்னா? மிதந்துதா இல்லியா? அதச் சொல்லத் தெரிஞ்சுதா உனக்கு? காதத் திருகத்தான் தெரிஞ்சுது!'ன்னாங்கம்மா. நாப்பது புள்ளைங்களும் கொல்லுனு சிரிக்குதுங்க. கொழந்தைய இடுப்புல தூக்கிக்கினு, சிலேட்ட அங்கியே வீசிட்டு வந்துட்டாங்க."

இடுப்பில் சாவிக்கொத்து இருக்கிற பக்கத்தில் மதியை வைத்துக்கொண்டு வந்தாள். என்னிடம் இறக்கிவிட்டாள். மதியின் காதைப் பார்த்தேன். சிவந்திருந்தது, ரத்தம் இல்லை. மதி ரகசியமாகச் சொன்னாள், "முழுகிடுச்சும்மா."

செப்டம்பர் 19

இவர் ஆபீஸிலிருந்து வந்து குதித்தார். "ஏன் அண்ணி, நீங்கதானே சேக்கச் சொன்னீங்க?"

"சொன்னேன். இப்ப வேணாங்கறேன்."

"தெருவே பேசுது."

"பேசட்டும். தெருவா அவளுக்குக் காது மருந்து போட்டுது?"

அஞ்சு வயசு முடிகிறவரை மதி வீட்டில்தான். அவருடைய அண்ணன் பேப்பருக்குப் பின்னால் மறைந்துகொண்டார். பரண்மேல் இருந்த மணல் கூடையை அவளே ஏணி போட்டு இறக்கி என் முன்னால் தொப்பென்று வைத்தாள்.

"மதி, உங்கம்மாகிட்ட சொல்லு. விதை கூடாது. எறும்பு கூடாது. தவளைக்குஞ்சு, பட்டாம்பூச்சி, ஒண்ணும் கூடாது. உசுர் இல்லாததா வெச்சுக்கினு என்னா வேணா பண்ணிக்கச் சொல்லு. நான் பக்கத்துல குந்திக்கினு பாப்பேன்னும் சொல்லு."

கண்காணிப்பு! என் பாடத்துக்கு இன்ஸ்பெக்டர்!

"மதி, பெரியம்மாகிட்ட சரின்னு சொல்லு" என்றேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

இன்று கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் இருந்த தேவகிக்கு இன்லண்டு கடிதம் எழுதினேன். அவள் மெட்ராஸில் சின்னக் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்துகிறாள். எழுதியதை இங்கே படியெடுத்து வைக்கிறேன்.

"அன்புள்ள தேவகி, நலம். மதிக்கு ஒரு காது வியாதி வந்து போய்விட்டது, இப்போது நன்றாகக் கேட்கிறது. மற்றதை நேரில் சொல்கிறேன். எனக்கு அவசரமாக ஓர் உதவி வேண்டும். நாலு வயதுக் குழந்தை தொட்டுப் பார்த்து, செய்து பார்த்துத் தெரிந்துகொள்கிற மாதிரி என்னென்ன இருக்கின்றன என்று எழுது. விதை, செடி, புழு, பூச்சி எதுவும் வேண்டாம். காற்று, தண்ணீர், நிழல், ஓசை இந்த மாதிரி. பொழுது சாய்வதற்குள் முடிகிறதாக இருக்கட்டும். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொள்ளாமல் செய்கிற மாதிரி இருந்தாலும் பரவாயில்லை.

இன்னொன்று. தையல் ஊசி தண்ணீர்மேல் மிதக்கும் என்று நம் லெக்சரர் ஒருமுறை செய்துகாட்டினாரே, ஞாபகம் இருக்கிறதா? மதியிடம் சொல்லிவிட்டேன். என் ஓரகத்தி, இரும்பாவது மிதக்கறதாவது என்று சொல்லிவிட்டு, தன் தையல் டப்பாவையே கொண்டுவந்து வைத்துக்கொண்டு நேற்றும் இன்றும் எதிரில் உட்கார்ந்திருந்தாள். போட்ட ஊசியெல்லாம் முழுகுகிறது. அவள் ஒவ்வொன்றையும் துடைத்து, மறுபடி என் பக்கம் நகர்த்திவைக்கிறாள். 'நாளைக்கும் பாக்கலாம்னு உங்கம்மாகிட்ட சொல்லு' என்கிறாள். அவள் முன்னால் தோற்க எனக்கு இஷ்டமில்லை. ஊசியை எப்படி வைக்கவேண்டும்? உடனே பதில் எழுது.

ரத்னமாலா."